ஐந்தாவது துண்டு

ஆகஸ்ட் 2

தங்கை பொற்கொடி இன்று காலை மாலத்தீவுக்குப் பறந்தாள். ஆசிய மகளிர் கேரம் போட்டி. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் விமான நிலையம் வந்தார்கள். அம்மா வந்தாள். அப்பா வரவில்லை. அவர் பார்த்தால் அவள் தோற்றுவிடுவாள் என்பது அவர் கணக்கு. அவள் ஆடி அவர் இதுவரை பார்த்ததில்லை. வழியனுப்புவதும் அதில் சேர்த்தி. வேன் கிளம்பும்வரை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே இருந்தார்.

நான் போனேன். பெட்டி கனம். தூக்க ஆள் வேண்டும்.

மூன்று மாதமாக எதுவும் எழுதவில்லை. கை பழகட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். கேரம் பற்றி எழுத அல்ல. ஸ்ட்ரைக்கரைத் தொட்டு ஒன்பது ஆண்டு ஆகிறது. காரணம் எதுவும் இல்லை. ஆர்வம் மாறியது.

ஆகஸ்ட் 3

பள்ளி அறிவியல் நூலுக்கு மெய்ப்பு. தவளையின் செரிமான மண்டலம். இந்த வேலைக்குத் தத்துவ முதுகலை தேவையில்லை. ஆனாலும் எனக்குத் தருகிறார்கள்.

மாலையில் பொற்கொடி பேசினாள். ஆட்டங்களை அந்த ஊர்த் தொலைக்காட்சி ஒன்று இணையத்தில் காட்டுகிறதாம். அந்த நாட்டுக்குள் மட்டும். இங்கே திறந்து பார்த்தேன். கறுப்புத் திரை. நடுவில் ஒரு வரி: உங்கள் பகுதியில் கிடைக்காது.

"இந்த ஊர்ல கீற மாதிரி காட்டிக்க விபிஎன்னு ஒண்ணு கீதாமே. நீதான் படிச்சவனாச்சே, பாரேன்ணா."

"பாக்கறேன்."

"எனக்காக இல்ல. நம்ம மன்றத்து டில்லி அண்ணனுக்காகப் பாரு."

"யாருக்காகவும் இல்ல. சும்மா பாக்கறேன்."

அவள் சிரித்தது கேட்டது. பின்னால் கடல்.

ஆகஸ்ட் 4

இன்று முழுவதும் விபிஎன் தேடினேன்.

முதலில் இலவசம் ஒன்று. இறக்கியதும் என் தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. பிறகு படங்களை. சும்மா உதவ வந்தவன் பீரோ சாவியைக் கேட்பதுபோல் இருந்தது. அழித்தேன்.

இரண்டாவது நல்ல வேகம். அறுபது நாடுகள். மாலத்தீவு இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பெரிய நாடாக இருப்பது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது.

நான்காவதில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரம். கீழே விளக்கம்: பெயர்தான் மாலத்தீவு, கருவி இருப்பது சிங்கப்பூரில். ஆக, வடசென்னையில் இருக்கும் நான், சிங்கப்பூரில் இருக்கும் ஒரு கருவி வழியாக, மாலத்தீவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வேன். இரண்டு ஆண்டு தத்துவ வகுப்பறையில் இதைத்தான் வேறு சொற்களில் படித்தோம்.

இரண்டு ஆண்டுக்குச் சேர்ந்தால் பெரிய தள்ளுபடி, இன்னும் சில நிமிடங்களே என்று ஒரு கடிகாரம் ஓடியது. பக்கத்தை மூடித் திறந்தேன். கடிகாரம் முதலிலிருந்து ஓடியது. ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்தேன். பிடிக்காவிட்டால் பணம் திரும்பும். டிவியிலும் ஓடும். ஒரே நேரத்தில் ஐந்து கருவிகள்.

ஒரு கருவிக்குத்தான் தேவை. ஐந்து எதற்கு.

ஆகஸ்ட் 5

கேரம் மன்றத்துக்குப் போனேன். ரேஷன் கடை மாடியில் ஒரே அறை, நான்கு பலகை, ஒரு டிவி. மன்றத் தலைவர் டில்லிபாபு அண்ணன் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து நேராக வந்திருந்தார். லுங்கியிலிருந்து இன்னும் குளிர் வந்தது.

டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக்கில் விபிஎன்னை ஏற்றினேன். அவர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா கணக்கு தம்பி?"

"நம்ம டிவி கேக்கறத ஒரு சுரங்கத்துல வெச்சுப் பூட்டி வேற ஊருக்கு அனுப்பும்ண்ணா. அங்கேருந்து கேக்கற மாதிரி கேக்கும். நடுவுல இருக்கறவன் உள்ள இன்னான்னு பாக்க முடியாது."

"பாஸ்போட்டு?"

"வேணாம்."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு பாஸ்போட்டு எடுக்க மூணு வாட்டி என்னிய அலைய வுட்டானுங்களே, அது எதுக்கு?"

பட்டியலில் தேடி மாலத்தீவைத் தொட்டேன். வட்டம் சுற்றியது. பச்சை. கறுப்புத் திரை விலகி ஒரு மேசை, ஒரு பலகை, மேலிருந்து விழும் வெள்ளை வெளிச்சம். யாரும் ஆடவில்லை. ஒருவர் துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். டில்லிபாபு அண்ணன் அதையே ஐந்து நிமிடம் பார்த்தார்.

"நல்லாத் தொடைக்கிறாம்பா" என்றார்.

ஆகஸ்ட் 7

முதல் சுற்று பகலில். பகலில் எல்லோருக்கும் வேலை. இட்லிக் கடை சுலோச்சனா அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு காதர் பாய், ஐஸ் ஃபேக்டரியில் டில்லிபாபு அண்ணன், எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைக்கும் அம்மா. நால்வரின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். இணைப்பு அறுந்தால் தானே மீண்டும் சேர்ந்துகொள்ளும்படியும் வைத்தேன். இல்லாவிட்டால் மணிக்கு நாலு தடவை என்னைக் கூப்பிடுவார்கள்.

டிவியோடு ஐந்து. கணக்கு சரி.

பொற்கொடி ஜெயித்தாள்.

ஆகஸ்ட் 8

புகார்கள்.

சுலோச்சனா அக்கா: "காசு வந்துச்சான்னு பாக்கப்போனா, 'நீங்க வெளிநாட்டுல இருக்கீங்க'ன்னு ஆப்பு தொறக்க மாட்டேங்குதுபா. நான் எங்கடா போனேன், இந்த அடுப்ப வுட்டு?"

அந்த ஒரு ஆப்பை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடும் வசதி உண்டு. விட்டேன். அக்காவின் பணம் கொருக்குப்பேட்டையில், மற்றதெல்லாம் மாலத்தீவில்.

காதர் பாய்: "கடலுக்குள்ள முங்குறதுக்கு டிரெஸ்ஸு வாங்கச் சொல்லி வெளம்பரமா வருது. எனக்கு நீச்சலே தெரியாது."

அம்மாவிடம் புகார் இல்லை. "நீலமா தண்ணி காட்றான். கட்டில் போட்டு வெச்சிருக்கான் தண்ணி மேலயே. கம்பெனில எல்லாரும் பாத்தாங்க."

ஆகஸ்ட் 10

காலிறுதி. டிவி இணையவில்லை. ஐந்து இடமும் நிரம்பிவிட்டன என்றது. காதர் பாய் பழைய போன் ஒன்றிலும் ஏற்றி, விடியற்காலையே இணைத்து, ஆட்டோவின் முன் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.

"எதுக்கு பாய் ரெண்டு?"

"ஒண்ணு போச்சுன்னா ஒண்ணு. எடம் போயிடுமோன்னு ஒரு துண்டு போட்டு வெச்சேன்பா."

பிராட்வேயில் பஸ் வளைந்து உள்ளே வரும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பவர்களின் ஊர் இது. துண்டு முதலில் உட்காரும். ஆள் பிறகு ஏறுவார். அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறொருவர் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை.

மாலையில் மன்றத்தில் கூட்டம் கூட்டிப் பேசினேன். இது பஸ் இல்லை என்றேன். தேவைப்படும்போது ஏறி, முடிந்ததும் இறங்கிவிட வேண்டும் என்றேன். ஒருவர் தனக்கென்று ஒளித்துவைக்கும் இடம் ஊருக்கே இல்லாமல் போகும் இடம் என்றேன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசிவிட்டேன். "ஒழுங்கு" என்ற சொல் மூன்று முறை வந்தது.

"சார் சொல்றது கரீட்டு" என்றார் காதர் பாய். அவர் என்னை சார் என்று கூப்பிடுவது கிண்டலுக்கு மட்டும்.

பொற்கொடி ஜெயித்தாள். டிவி பக்கம் தற்செயலாகத் திரும்பியபோது பார்த்தேன். மூன்றாவது போர்டில் சிவப்பை எடுத்துவிட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோவுக்கு அருகிலிருந்த சுலபமான வெள்ளையை விட்டு, தூரத்து வெள்ளையை மெல்லத் தொட்டாள். சுலபமானது எதிராளியின் கறுப்புக்கு வழியை மறித்து நின்றது. அதை எடுத்திருந்தால் வழி திறந்திருக்கும். நான்கு அடிக்கு முன்பே இதை முடிவு செய்திருக்க வேண்டும்.

எனக்கு ஆர்வமில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 12

அரையிறுதி. ஜெயித்தாள்.

ஆட்டம் முடிந்து பேசினாள். கடல் காற்றில் பலகை இழுக்கிறது, காய் ஓட மாட்டேன் என்கிறது என்றாள். பவுடரைக் கூட்டாதே, குறை, ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு போர்டுக்கும் துடை, விரலை நக அகலம் பின்னுக்கு இழுத்து அடி என்றேன். அவள் பேசவில்லை.

"இருக்கியா?"

"இருக்கேன். எழுதிக்கினு கீறேன்."

"இதெல்லாம் யாருக்கும் தெரிஞ்சதுதான்."

"யாருக்கும் தெரிலண்ணா. கோச்சுக்கே தெரில."

இறுதி ஆட்டம் நாளை மறுநாள், அவர்கள் நேரம் நான்கு மணி. நமக்கு நாலரை. எதிராளி இலங்கைப் பெண். இருபத்திரண்டு வயது. காயைச் சீவும் கட் அடி நன்றாக வரும். இடது ஓரத்தில் பலவீனம். யாரோ சொன்னார்கள்.

ஆகஸ்ட் 13

இடங்கள் ஒதுக்கியாயிற்று. மன்றத்து டிவி, சுலோச்சனா அக்கா, காதர் பாய், அம்மா, டில்லிபாபு அண்ணன். ஐந்து. அண்ணனுக்கு நாளை லீவு கிடைக்கவில்லை. மன்றத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"டிவிய போட்டு வுட்டு நீயும் குந்திப் பாருடா."

"போட்டு வுட்டுட்டு வந்துடுவேன்ண்ணா. மெய்ப்பு கெடக்கு."

"ஒம்போது வருசமா அப்டி இன்னாடா மெய்ப்பு?"

கூட்டத்தோடு பார்ப்பது எனக்கு ஒத்துவராது. சத்தம். தவிர, முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு நான்கு மணிக்கு வேலை முடியும். நாலரைக்கு பஸ்ஸில் இருப்பாள். பஸ்ஸில் அவள் தூங்கிவிடுவாள். அவள் இடம் சும்மாதான் இருக்கும். இதை ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் டேப்லெட்டுக்கு சார்ஜ் போட்டேன். அதிலும் இணைப்பு வருகிறதா என்று ஒருமுறை பார்த்தேன். வருகிறது.

ஆகஸ்ட் 14

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான்கு மணிக்கே மன்றம் நிரம்பிவிட்டது. பலகைகளைச் சுவரோடு சாய்த்து இடம் செய்தோம். அப்பா துறைமுகத்தில் பகல் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே வரவில்லை. மாடிப்படியில், அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பார்க்க மாட்டார். சத்தம் கேட்டால் போதும்.

டிவியைப் போட்டேன். மாலத்தீவைத் தொட்டேன். வட்டம் சுற்றியது.

ஐந்து இடங்களும் நிரம்பிவிட்டன.

மறுபடி. அதேதான்.

கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். எண்ணிக்கையை மட்டும் காட்டும், யார் என்று சொல்லாது. எல்லோரையும் வெளியேற்றும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினேன். போன்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன, டிவியை முந்திக்கொண்டு. அப்படி வைத்துக் கொடுத்தது நான்.

காதர் பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், மறுபடி துண்டு போட்டீங்களா?"

"அல்லா மேல சத்தியமா ஒரே போனு. இங்க ஸ்டாண்டுல அத்தினி பேரும் சவாரிய வுட்டுட்டு நிக்கிறோம். மொதோ போர்டு போய்ட்டுச்சு, சீக்கிரம் பாருப்பா."

சுலோச்சனா அக்கா: "எங்கிட்ட ஏது ரெண்டாவது போனு? தோ, தட்டு கையிலயே கீது, ஒருத்தனும் துண்ண மாட்டேன்றான். கண்ண எடுக்காம பாக்குறானுங்க."

டில்லிபாபு அண்ணன்: "மொதலாளியே என் பக்கத்துல பெட்டி மேல குந்திக்கினு கீறார்டா. அவருகிட்ட போய் எறங்குன்னு நான் சொல்ல முடியுமா?"

அம்மா எடுக்கவில்லை. பஸ்ஸில் தூங்குகிறாள், அவள் போன்தான் பையில் கிடந்து இடத்தை அடைக்கிறது என்று நினைத்து ஒரு நொடி நிம்மதியானேன். பிறகு எடுத்தாள். பின்னால் முப்பது பெண்களின் சத்தம்.

"இன்னாடா? கம்பெனிலதான் கீறேன். சூப்பர்வைசரம்மா இருந்து பாத்துட்டுப் போங்கன்னு சொல்லிச்சு. போன வைடா, படம் தெரில."

யாரையும் இறக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூட்டம் ஏறியிருக்கிறது. நான்கு இடம், நான்கு கூட்டம். ஐந்தாவது யார்? முதல் கேம் அவள் தோற்றுவிட்டதாகக் காதர் பாய் செய்தி அனுப்பினார். அறையில் நாற்பது பேர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னை.

"எவனோ துண்டு போட்டிருக்கான்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "அன்னிக்கே சொன்னேன். ஒருத்தன் ஒளிச்சு வெச்சா ஊருக்கே இல்லன்னு சொன்னேன்."

படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. திரும்பாமல், தெருவைப் பார்த்தபடி.

"உன் ரூம்ல அந்தச் சிலேட்டு காத்தாலேந்து மினுக்கினு கீதே. அது இன்னாடா?"

ரிமோட்டைக் கீழே வைத்தேன்.

பிறகு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

"சாரோட துண்டுபா!"

ஓடினேன். படியில் அப்பாவைத் தாண்டினேன். இரண்டு தெரு. ஒரு செருப்பு தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் கழன்றது, எடுக்கவில்லை. கதவைத் திறந்தேன். டேப்லெட் மேசை மேல் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. எதிரில் நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு. ஒரு தட்டில் முறுக்கு. காலையில் நானே எடுத்துவைத்தது. நன்றாகத்தான் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அணைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். ஏன் தட்டை எடுத்தேன் என்று தெரியவில்லை.

நான் படியேறும்போதே உள்ளே சத்தம். டிவி வந்துவிட்டது. இரண்டாவது கேம் பாதியில் இருந்தது, அதை அவள் எடுத்தாள். உட்கார இடமில்லை. என்னைத் தரையில் அழுத்தி உட்கார வைத்தார்கள். முறுக்கு கைமாறிப் போனது.

மூன்றாவது கேம். இருபது, இருபது. கடைசி போர்டு, இதை எடுப்பவருக்குக் கோப்பை. இலங்கைப் பெண்ணுக்கு ஒரு கறுப்பு பாக்கி. பொற்கொடி சிவப்பை எடுத்துவிட்டாள், ஃபாலோவுக்கு ஒரே வெள்ளை. அந்த வெள்ளை அவள் கோட்டுக்குப் பின்னால், அவள் பக்கத்துக் கட்டையோடு ஒட்டிக் கிடந்தது. நேரே அடிக்க முடியாது. எதிர்க்கட்டையில் மோதித் திருப்பலாம் என்றால் நடுவில் கறுப்பு.

எல்லோரும் போச்சு என்றார்கள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் கேரம் பலகை பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் இருக்கும். பீரோ பக்கம் உட்காருகிறவருக்கு முழங்கையை அசைக்க இடமிருக்காது. அவள் சின்னவள், அதனால் கட்டில் பக்கம் அவளுக்கு. பீரோ பக்கம் எனக்கு. கை நீளாததால் ஒரு அடி கண்டுபிடித்தேன்: உள்ளங்கையைக் கவிழ்த்து, கட்டைவிரலால் ஸ்ட்ரைக்கரைப் பின்பக்கமாகத் தள்ளி, இடது ஓரத்தில் லேசாக மோதி, கட்டையோரமாகவே நழுவவிடுவது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் தேவைப்படாத அடி. பீரோ இல்லாதவர்களுக்கு அது எதற்கு.

திரையில் அவள் கையைக் கவிழ்த்தாள்.

முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்தாள், அங்கே ஒரு பீரோ இருப்பதுபோல்.

சத்தமே இல்லை. வெள்ளை கட்டையோரமாக நகர்ந்தது, நின்றுவிடும் போலிருந்தது, விழுந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. என்னைத் தூக்கினார்கள். டிவி ஆடியது. தெருமுனையில் இருபது ஆட்டோக்கள் ஒன்றாக ஹாரன் அடித்தன. போனில் டில்லிபாபு அண்ணன் கத்திக்கொண்டிருந்தார்: "டேய் மாறா, அது உன் அடிடா! பாத்தியா? உன் அடி!"

படிக்குப் போனேன். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சிட்டாப்பா."

"கேட்டுச்சு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா கண்ணு?"

மன்றம் முழுக்க போரிக் பவுடர். கண்ணுக்கு ஆகாது.

ஆகஸ்ட் 15

செருப்பு கிடைத்தது. காதர் பாய் அதை ஆட்டோ முன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். "உங்க எடம் பத்திரமா கீது சார்" என்றார்.

ஆகஸ்ட் 16

விபிஎன்னை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். அந்த நீலத் தண்ணீர் இன்னும் கொஞ்ச நாள் வரட்டுமாம்.

ஆகஸ்ட் 17

பொற்கொடி வந்தாள். மாலை, கோப்பை, பட்டாசு, அழுகை. எல்லாம் முடிந்து வீடு காலியானதும் பீரோவுக்குப் பின்னாலிருந்து பலகையை இழுத்தாள்.

"மெய்ப்பு கெடக்கு" என்றேன்.

"கெடக்கட்டும். நான் பீரோ பக்கம் குந்துறேன். நீ கட்டில்ல குந்து."

ஸ்ட்ரைக்கர் விரலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முதல் அடி பலகையை விட்டே வெளியே போனது. அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவமானம்.

அப்பா உள்ளே வந்தார். பலகையைப் பார்த்ததும் வழக்கம்போல் குளியலறைப் பக்கம் திரும்பினார். நின்றார். யோசித்தார்.

"ரெண்டு பேருல யாரு தோத்தாலும் எனக்கு ஒண்ணுதானே" என்றார். "அப்போ நான் பாக்கலாம்."

கட்டில் ஓரத்தில், என் பக்கத்தில், முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார். அவள் ஆடி முதல்முறையாகப் பார்த்தார். ஒவ்வொரு காய் விழும்போதும் "ஐயோ" என்றார், யாருடையது என்று பார்க்காமல்.

இருபத்தைந்துக்கு நான்கு. அந்த நான்கும் என்னுடையவை.